பழைய புல்லட்டுக்கு 100 ஆக்டேன் வேண்டாம்

"எண்பதுகளின் புல்லட்டுக்கு 100 ஆக்டேன் போட்டால்தான் இழுவை வரும், எஞ்சின் நீடிக்கும்" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அது சரியில்லைங்க. ஆக்டேன் என்பது பெட்ரோலின் வலு இல்லை. அழுத்தத்தில் தானாக வெடித்துவிடாமல் தாங்கும் அளவு. அந்தக் காலத்து இரும்பு எஞ்சின் 350 சிசி புல்லட்டின் அழுத்த விகிதம் (சிலிண்டருக்குள் பெட்ரோல்-காற்றுக் கலவை எவ்வளவு நெருக்கப்படுகிறது என்ற கணக்கு) ரொம்பக் குறைவு. இப்போது பங்க்கில் கிடைக்கும் சாதா பெட்ரோலிலேயே 91-க்குக் குறையாத ஆக்டேன் இருக்கிறது. அதுவே தாராளம். திம்பம் மலைப்பாதையில் ஏறும்போது எஞ்சின் தட்டினால், முதலில் இக்னிஷன் டைமிங்கையும் (தீப்பொறி விழும் நேரம்) ஹெட்டில் படிந்த கரியையும் பாருங்கள்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது பெட்ரோலில் கலக்கும் எத்தனால் என்ற ஆல்கஹாலைப் பற்றித்தான். இப்போது பங்க்கில் ஊற்றும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை அது இருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் ஊறி உப்பிவிடும். கலவையும் மெலிந்து (காற்றுக்கு ஏற்ற எரிபொருள் குறைந்து) எஞ்சின் கூடுதலாகச் சூடேறும். நல்ல மெக்கானிக்கிடம் காட்டி மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) ஒரு அளவு கூட்டிப் பார்க்கலாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் வண்டியை எடுக்காவிட்டால் டேங்க் துருப்பிடிக்கும். அப்படி நிறுத்துவதற்கு முன் கார்புரேட்டரைக் காலி செய்துவிடுங்கள். 100 ஆக்டேன் பிரீமியம் பெட்ரோலுக்குக் கொடுக்கும் காசில் எத்தனால் தாங்கும் புது ஹோஸே வாங்கிவிடலாம்.