விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்கு வேலை கொடுங்கள்

ஜூலை பிறக்கப் போகிறது என்றால் திருகோணமலையில் பல வீடுகளுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கிவிடுவார்கள். கனடாவிலும் இலண்டனிலும் பள்ளிக்கூடம் மூடினால் பேரப்பிள்ளைகள் வந்து இறங்கிவிடுவார்கள் என்பதால், ஓர் அறைக்கு ஏசி பூட்டுவதும், கோர்ன்பிளேக்ஸ் பெட்டிகளையும் போத்தல் தண்ணீரையும் வாங்கி அடுக்குவதும், வைஃபை இணைப்புக்கு அலைவதுமாக அம்மம்மாமாரும் அப்பப்பாமாரும் ஓய்வில்லாமல் திரிகிறார்கள். அத்தனையும் அன்பினால் செய்கிற காரியங்கள்; அவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகள் வந்த பிறகு அவர்களை நாற்காலியில் இருத்தி, கேட்டதையெல்லாம் கைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, விருந்தாளிகளைப் போல வைத்திருக்கிறோமே, அதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் வேலை கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

என் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது. இந்த மாதங்களில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அனல் போல அடிப்பதால், வெளிவேலை எதுவானாலும் காலையிலேயே முடிந்துவிட வேண்டும். மூத்த பேத்தி முற்றம் கூட்டி, பூமரங்களுக்குத் தண்ணீர் விடுவாள். பேரன் என்னோடு மீன் சந்தைக்கு வருவான். முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவன், நாளடைவில் செவுளைத் தூக்கிப் பார்த்து, சிவப்பாக இருந்தால்தான் வாங்கலாம் என்று எனக்கே சொல்லத் தொடங்கினான். கடைசிப் பேத்திக்குத் திருவலை என்றால் கொள்ளை ஆசை. பாதித் தேங்காயை இரண்டு கையாலும் பிடித்து, ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றித் திருவ வேண்டும் என்பதையும், சிரட்டையின் பழுப்பு தெரியத் தொடங்கியதும் நிறுத்தாவிட்டால் சம்பலின் நிறம் கெட்டுவிடும் என்பதையும் அவள் கையாலேயே கண்டுபிடித்தாள். நான் பக்கத்தில் இருந்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை.

ஆடிப்பிறப்பு அவர்களுடைய விடுமுறைக்குள் வருவது நல்ல வசதி. சென்ற ஆண்டு ஆடிக்கூழ் முழுவதையும் பிள்ளைகளே காய்ச்சினார்கள். பயறு வறுப்பதும் தேங்காய்ச் சொட்டு வெட்டுவதும் பனங்கட்டி உடைப்பதும் பேத்திமாரின் பொறுப்பு. தேங்காய்ப்பாலில் கரைத்த மாவை ஊற்றியதும் கட்டிபடாமல் துழாவுவது பேரனின் பொறுப்பு. "அம்மம்மா, அடிப்பிடிக்குது!" என்று அவன் கத்தியபோது வீடே ஓடிவந்தது. பலாவிலையைக் கோலி அந்தக் கூழைக் குடித்த பிள்ளைகளிடம், பக்கத்து வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவே தேவையிருக்கவில்லை.

தமிழ் பற்றி ஒரு வார்த்தை. வந்த பிள்ளைகளைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி, "தமிழ் தெரியுமா? எங்கே, ஒரு பாட்டுப் பாடு பார்ப்போம்" என்று சோதிக்கிற உறவினர்களை நான் வாசலோடு அனுப்பிவிடுவேன். உப்புக் காணுமா, தண்ணீர் கொதிச்சிட்டுதா என்று கேட்க வேண்டிய தேவை வந்தால் பிள்ளை தானாகவே தமிழில் கேட்கும்.

இதைவிடப் பெரிய இலாபம் ஒன்று இருக்கிறது. கை வேலையில் இருக்கும்போதுதான் பிள்ளைகள் உண்மையான கேள்விகளைக் கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் அருச்சனைத் தட்டைத் தூக்கிக்கொண்டு என்னோடு கோணேசர் கோயிலுக்கு வரும் பேத்தி, பிரெட்ரிக் கோட்டை வாசலில் மான்களைப் பார்த்துக்கொண்டே, கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டை எதற்கு என்று கேட்டாள். 1620களில் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து அதன் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தியதையும், 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் கோயில் நிற்கும் சுவாமிமலையின் அடிவாரக் கடலுக்குள் கோயிலின் எச்சங்களைக் கண்டதையும், 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்ததையும் மலை ஏறி முடிவதற்குள் சொல்லி முடித்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவளே அதைத் தம்பிக்குச் சொன்னாள், சற்றுக் கூட்டித்தான். வான் வண்டியில் வந்து அரைமணி நேரம் படமெடுத்துவிட்டு ஓடும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை கிடைப்பதில்லை.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோதுதான் பேரன் 2004 கடற்கோளைப் பற்றிக் கேட்டான். தண்ணீர் எந்த வழியாக வந்தது, நாங்கள் எந்தப் பக்கம் ஓடினோம் என்பதைக் கேட்ட அளவுக்குச் சொன்னேன், கேட்காததைச் சொல்லவில்லை. போர்க்காலத்தைப் பற்றிக் கேட்டாலும் அப்படியே. பிள்ளையை இருத்தி வைத்து நம் துயரம் முழுவதையும் ஒரே மூச்சில் இறக்கிவைப்பது நியாயமில்லை. அதற்காக வாயே திறக்காமல் இருப்பதும் சரியல்ல.

சிலர் என்னிடம், "பாவம், ஓய்வெடுக்க வந்த பிள்ளைகள்" என்கிறார்கள். உப்புவெளிக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்த பிள்ளைகளை அவர்கள் கண்டதில்லை போலும். யாரும் கூப்பிடாமலே போய்க் கயிற்றின் கடைசியில் தொங்கிக்கொண்டு நின்றார்கள். உழவு இயந்திரத்தால் இழுக்கும் காலத்திலும் அந்த வலையைக் கையால்தான் இழுத்தார்கள். வலையின் சொந்தக்காரரான சம்மாட்டியார் சிரித்துக்கொண்டே ஒரு பை சூடை மீனைக் கொடுத்தனுப்பினார். அன்றிரவு அந்த மீன் பொரியலை முள்ளோடு மென்றவர்கள், வேறு நாட்களில் மீனைத் தொடாத பிள்ளைகள்தான்.

கவனிக்க வேண்டியவற்றைக் கவனிக்கத்தான் வேண்டும். குடிக்கக் கொதித்தாறிய தண்ணீர், படுக்க நுளம்பு வலை, பதினொரு மணிக்குப் பிறகு வெயிலில் இறங்கக் கூடாது, பெரியவர் இல்லாமல் கடலுக்குப் போகக் கூடாது. கத்தியும் அடுப்பும் வயதறிந்துதான் கையில் போகும். எனக்கும் முழங்கால் வலி உண்டு. பிள்ளைகளின் பின்னால் என்னால் ஓட முடியாது. வேலையில் இருக்கும் பிள்ளைகளின் பின்னால் ஓட வேண்டியதும் இல்லை.

உண்மையில் நான் கோபப்படுவது பெற்றோர்கள் மீதுதான். கொழும்பு, கண்டி, எல்ல, நல்லூர்த் திருவிழா என்று நாட்டையே ஒரு விடுமுறைக்குள் அடக்கிவிட்டு, பெற்ற தாயின் வீட்டுக்கு ஓரிரு இரவுகளை ஒதுக்குகிறார்கள். அந்த நேரத்துக்குள் பிள்ளை விருந்தாளியாக இருப்பதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? இந்த ஆண்டு மருமகன் அனுப்பிய அட்டவணையில் திருகோணமலைக்கு என்று குறித்திருந்த நாட்களிலும் பாதி நிலாவெளி விடுதிக்குப் போயிருந்தது. பெரியவர்கள் இருவரும் விரும்பிய இடமெல்லாம் சுற்றிவரட்டும், பிள்ளைகளை ஆடிப்பிறப்புக்கு முன்பே என்னிடம் விட்டுவிட வேண்டும் என்று நேற்றுத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவுக்கு இங்கிருந்தே விடியற்காலையில் புறப்பட்டு, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். மகள் சம்மதித்துவிட்டாள். மருமகன் யோசித்துச் சொல்வதாக இருக்கிறார்.