வலிக்கு என்ன கொடுத்தீங்க?

"கறக்க உட்கார்ந்தாலே உதைக்குது, திமிரு ஏறிப்போச்சு." போன ஐப்பசியில் எங்கள் சிந்து மாட்டைப் பற்றி வீட்டில் எல்லோரும் சொன்னது இதுதான். மூன்றாவது ஈத்து. அதுவரைக்கும் சாதுவாக நின்று பால் கொடுத்த மாடு திடீரென்று வலது பின்னங்காலைத் தூக்கித் தூக்கி அடித்தது. இரண்டு தடவை பால் குண்டாவையே கவிழ்த்துவிட்டது. அப்பா பின்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கயிற்றால் கட்டிக் கறக்க ஆரம்பித்தார். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். பதினெட்டு நாள்.

நடுவில் ஒரு டாக்டர் வந்தார். மடியைத் தடவிப் பார்த்து மடிநோய் இல்லை என்றார், ஒரு ஊசி போட்டுவிட்டுப் போனார். பால் வேளைக்கு ஏழு லிட்டரிலிருந்து நாலுக்கு இறங்கியது. புண்ணாக்கை மாற்றிப் பார்த்தோம். கண்ணு பட்டிருக்கும் என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டார்.

ஒரு மத்தியானம் வாசல் கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தற்செயலாகத் தலையைத் தூக்கியபோது கட்டுத்தரையில் சிந்து நின்ற நிலை கண்ணில் பட்டது. வலது பின்னங்கால் குளம்பின் நுனி மட்டும் தரையில் பட்டும் படாமலும் இருந்தது. முதுகு லேசாக வளைந்து, இரண்டு காதும் பின்னால் சரிந்து, கண் பாதி மூடியிருந்தது. முன்னால் சோளத்தட்டு கிடந்தது, தொடவே இல்லை. வாய் அசையவில்லை.

எழுந்து தவிட்டு பக்கெட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன். பக்கெட் சத்தம் கேட்டதுதான் தாமதம், நாலு காலையும் ஊன்றி நிமிர்ந்தது. காது விறைத்தது. நான் கிட்டப் போய்ச் சேர்ந்தபோது எந்தக் குறையும் இல்லாத மாடு என் முன்னால் நின்றது. திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும், அந்தக் கால் மறுபடி மெதுவாக மேலே ஏறியது.

அம்மாயியை, அதாவது அம்மாவின் அம்மாவை, கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அதுக்குக் காலு நோவுது கண்ணு. நாம கிட்டப் போனா காட்டிக்காது."

மறுநாள் வேறொரு டாக்டர் வந்தார். காலைத் தூக்கிக் கட்டி, குளம்பைச் சீவிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிறுத்தினார். கறுத்துப்போன சீமைக்கருவேல முள் நுனி. அதைப் பிடுங்கியதும் சீழ் பீறிட்டது. கழுவிக் கட்டிவிட்டு, சீழுக்கு ஒரு ஊசி போட்டார். பிறகு பையிலிருந்து இன்னொன்றை எடுத்து, "இது வலி குறையறதுக்குங்க, மெலாக்சிகாம்" என்றார். அன்று சாயங்காலம் சிந்து படுத்தது. காலை மடக்கி, கண்ணை மூடி, அசை போட்டது. அந்த அசை போடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் எவ்வளவு நேரம் அங்கேயே நின்றேன் என்று தெரியவில்லை. முள் குத்திய காலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்திருக்கிறோம், அதுவும் பதினெட்டு நாள், வேளைக்கு ஒரு தடவை.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, எங்கள் வீட்டில் நடந்தது எல்லா ஊரிலும் நடக்கிறது என்று புரிந்தது. இங்கிலாந்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பால் பண்ணைகளில் நடத்திய ஓர் ஆய்வு 2003-ல் வெளிவந்தது. உங்கள் பண்ணையில் எத்தனை மாடு நொண்டுகிறது என்று பண்ணைக்காரர்களைக் கேட்டார்கள். சராசரியாக 6 சதவீதத்துக்கும் குறைவாகச் சொன்னார்கள். ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொரு மாட்டையும் நடக்கவிட்டுப் பார்த்தபோது 22 சதவீதம் நொண்டியது. தினம் இரண்டு வேளை அதே மாடுகளோடு இருக்கிறவர்களுக்கே நாலில் மூன்று கண்ணில் படவில்லை. அவர்கள் அக்கறை இல்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. வலி ஒரே நாளில் வந்தால் தெரியும். இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம் என்று ஏறினால், தினம் பார்க்கிற கண்ணுக்கு அதுவே அந்த மாட்டின் நடை ஆகிவிடுகிறது.

மாடு, ஆடு எல்லாம் இரையாக இருந்து பிழைத்து வந்த இனங்கள். கூட்டத்தில் எது நொண்டுகிறதோ அதன் மேல்தான் புலியும் ஓநாயும் குறி வைக்கும். அதனால் ஆள் நெருங்கினால் வலியை விழுங்கிக்கொண்டு நிற்கிற குணம் அதன் ரத்தத்திலேயே இருக்கிறது. அம்மாயி சொன்ன "காட்டிக்காது" இதுதான்.

டென்மார்க்கில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரினா க்ளீரப்பும் உடன் வேலை செய்தவர்களும் 2015-ல் மாடுகளுக்கு ஒரு வலி அளவுகோல் வெளியிட்டார்கள். காது எப்படி இருக்கிறது, முகம் இறுகியிருக்கிறதா, தலை தாழ்ந்திருக்கிறதா, முதுகு வளைந்திருக்கிறதா, சுற்றி நடப்பதைக் கவனிக்கிறதா, ஆள் போனால் என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். முதலில் தள்ளி நின்று பார்க்க வேண்டும், அப்புறம்தான் நெருங்க வேண்டும். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் கட்டிலுக்கும் கட்டுத்தரைக்கும் நடுவில் இருந்த அந்த இருபது அடி தூரம்தான் சிந்துவைக் காப்பாற்றியது.

இதற்கெல்லாம் தொடக்கம் எலி. 2010-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் குழுவினர் சுண்டெலியின் முகத்தில் வலியை அளந்து காட்டினார்கள். கண் சுருங்குவது, மூக்கும் கன்னமும் புடைப்பது, காதும் மீசையும் நிலை மாறுவது என ஐந்து அடையாளம். பிறகு குதிரைக்கு வந்தது, செம்மறிக்கு வந்தது, பூனைக்கு வந்தது. செம்மறியின் முகத்தைப் படம் எடுத்துக் கம்ப்யூட்டரே வலியைக் கண்டுபிடிக்கிற முயற்சி கேம்பிரிட்ஜில் நடந்தது. எங்கள் வெள்ளகோவில் பக்கம் ஆடு மேய்க்கிறவர்களுக்கு அந்தக் கம்ப்யூட்டர் வேண்டாம், "காதைத் தொங்கப் போட்டிருக்குது" என்பதை அவர்கள் தூரத்திலிருந்தே சொல்வார்கள். ஆனால் அந்த அறிவு மேய்க்கிறவரோடு முடிந்துபோகிறது. மாட்டை மேய்ச்சலுக்கே விடாமல் கட்டிப்போட்டு வளர்க்கும் என் வயதுக்காரர்களுக்கு அது வந்து சேரவில்லை. எனக்கு வந்து சேரவில்லை.

என்னை அதிகம் உலுக்கியது ஒரு கோழி ஆய்வு. பல்லடம், உடுமலைப் பக்கம் கறிக்கோழிப் பண்ணைக்குள் போனவர்களுக்குத் தெரியும், வேகமாக எடை ஏறும் கோழிகளில் சில கால் தாங்காமல் உட்கார்ந்தே கிடக்கும். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 2000-ல் இப்படிக் கால் ஊனமான கோழிகளுக்கும் நல்ல கோழிகளுக்கும் இரண்டு வகைத் தீவனம் வைத்தார்கள். ஒன்றில் வலி மருந்து கலந்திருந்தது. நிறத்தை வைத்து எது எது என்று கோழிகள் பழகிக்கொண்டன. கால் ஊனமான கோழிகள் மருந்துத் தீவனத்தைத் தேடிப் போய் அதிகம் தின்றன. ஊனம் கூடக் கூட அந்தத் தீவனம் தின்பதும் கூடியது. தனக்கு எது வலியைக் குறைக்கிறது என்று ஒரு கோழிக்குத் தெரிகிறது, கிடைத்தால் எடுத்துக்கொள்கிறது. நாம் வைத்தால்தானே கிடைக்கும்?

கன்றுகள் மேல் நடந்த ஆய்வு இன்னும் நுட்பம். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 2013. ஒரு நிறத் திரை தெரிந்தால் போய்த் தொடலாம், பால் கிடைக்கும். இன்னொரு நிறத்துக்குப் போனால் கிடைக்காது. கன்றுகள் இதைக் கற்றுக்கொண்டன. பிறகு இரண்டுக்கும் நடுப்பட்ட நிறங்களைக் காட்டினார்கள். கிடைத்தாலும் கிடைக்கலாம் என்று நினைக்கிற கன்று போகும், நம்பிக்கை இல்லாதது நிற்கும். கொம்புக் குருத்தைச் சூட்டுக்கோலால் தீய்த்த பிறகு, அதுவரை போய்ப் பார்த்த நிறங்களுக்குக்கூட கன்றுகள் போவது குறைந்தது. மறுநாள் வரைக்கும் அப்படித்தான். தீய்ப்பதற்கு முன்னால் அந்த இடத்தை மரத்துப்போகச் செய்துதான் இதைச் செய்தார்கள். மரப்பு சில மணி நேரத்தில் தெளிந்துவிடும், சுட்ட புண் இருக்கும். பால் கிடைக்கும் என்ற நினைப்பையே ஒரு கன்றிடமிருந்து வலி பிடுங்கிக்கொள்கிறது. மரப்பு ஊசிகூட இல்லாமல், நாலு பேர் அமுக்கிப் பிடித்துச் சுடுகிற நம் ஊர்க் கன்றுகளை நினைத்துப் பார்க்கிறேன்.

நம் சட்டத்தையும் எடுத்துப் படித்தேன். 1960-ல் வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11-வது பிரிவு. கொம்பு நீக்குவது, காயடிப்பது, சூடு போடுவது, மூக்கணாங்கயிறு குத்துவது ஆகியவற்றை விதித்த முறைப்படி செய்தால் அது வதையாகாது என்கிறது. வலியைக் குறைக்க ஏதாவது கொடுக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு சொல்கூட இல்லை. அம்மாவின் அப்பாவான என் அப்புச்சி காலத்தில் நொண்டுகிற மாட்டுக்குச் சப்பையில் சூடு வைத்தார்கள். அவர் மாட்டின் மேல் உயிராக இருந்தவர், தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். இன்றைக்குத் தெரிந்த பிறகும் அதையே செய்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மரபு வைத்தியத்துக்கு நான் எதிரி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்துத் தடவுகிற வைத்தியத்தை, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி அளவு சொல்லி ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். எங்கள் வீட்டிலும் அரைத்திருக்கிறோம், கேட்டிருக்கிறது. ஊர் அறிவை எடுத்து, சோதித்து, அளவு குறித்துத் திருப்பிக் கொடுப்பது. வலி விஷயத்திலும் நமக்கு வேண்டியது அப்படிப்பட்ட வேலைதான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு மெடிக்கலில் மனிதர்களுக்கு விற்கிற டைக்ளோஃபினாக் என்ற வலி ஊசியை வாங்கி மாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். அந்த மருந்து செய்த அழிவு சாதாரணமானதில்லை. அது போட்ட மாடு செத்தால், அதைத் தின்கிற பாறுக் கழுகு சிறுநீரகம் கெட்டுச் சில நாளில் சாகும். 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் சுருங்கிப்போனது. காரணம் டைக்ளோஃபினாக் என்று 2004-ல் கண்டுபிடித்தார்கள், 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். மனிதர்களுக்கான பெரிய பாட்டில்கள் மாட்டுக்குப் போகின்றன என்று தெரிந்து 2015-ல் 3 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலில் விற்கக் கூடாது என்றார்கள். அதே மாதிரி வலி மருந்துகளான கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் 2023-ல் கால்நடைகளுக்குத் தடையாயின. மெலாக்சிகாம் பாறுகளுக்குக் கேடு செய்வதில்லை என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நீலகிரிப் பக்கம் மோயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கிற பாறுகளுக்கு நாம் எந்த ஊசி போடுகிறோம் என்பதுதான் வாழ்வா சாவா.

அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். எத்தனை நாள் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாள் பால் நஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் பதினெட்டு நாள் வேளைக்கு மூன்று லிட்டர் குறைந்ததை நாங்கள் நஷ்டமாக எண்ணவே இல்லை, "மாடு ஏமாத்துது" என்று மாட்டின் மேல் போட்டோம். அந்த ஊசிக்கு நாங்கள் கொடுத்தது ஒரு வேளைப் பாலின் காசுகூட இல்லை.

"மனுசனுக்கே வைத்தியம் கிடைக்கல, மாட்டுக்கு வலி மாத்திரையா?" என்று என் மாமா கேட்டார். நியாயமான கோபம்தான். ஆனால் அரசு ஆஸ்பத்திரியில் பல் பிடுங்கினால்கூட மரப்பு ஊசி போடாமல் பிடுங்க மாட்டார்கள். கிடா காயடிக்கும்போது, கன்று புரண்டு கிடந்து கையை விட்டு இழுக்கும்போது, கொம்பு சுடும்போது, குளம்பு அறுக்கும்போது, நோய்க்கு மருந்து உண்டா என்று கேட்கிற நாம் வலிக்கு உண்டா என்று கேட்பதில்லை. கேட்காததால் பல டாக்டர்களும் கொண்டு வருவதில்லை. எங்களுக்கு முதலில் வந்தவரும் கெட்டவர் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை கட்டுத்தரை ஏறி இறங்குகிறாரோ, யார் கண்டது. நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவரும் காலைத் தூக்கிப் பார்த்திருப்பாரோ என்னவோ.

சிந்து இப்போது சினை. அதன் முந்தைய ஈத்துக் கிடேரி ஒன்று நிற்கிறது, நெற்றி மயிருக்குள் கொம்புக் குருத்து விரலுக்குத் தட்டுப்படுகிறது. வியாழக்கிழமை டாக்டர் வருகிறார். போனில் பேசும்போதே கேட்டுவிட்டேன், "வலிக்கு என்ன கொடுப்பீங்க சார்?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. "மரப்பு ஊசி போட்டுட்டுத்தான் சுடுவேங்க. மெலாக்சிகாமும் எடுத்துட்டு வந்தர்றேன்" என்றார். பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மாயி, "சுட்ட அன்னிக்கு ராத்திரி அதைத் தாய்கிட்டயே கட்டு கண்ணு" என்றார். கட்டப்போகிறேன். கட்டிலையும் கொஞ்சம் தள்ளிப் போட்டு வைத்திருக்கிறேன், அங்கிருந்து இரண்டும் தெரியும்.