எந்த நெலமண்ணா?

சனிக்கிழமை தமிழ்ப்பள்ளி மீட்டிங்ல மைக்ல நடந்தத பத்தி எழுத வேணாம்னுதான் ரெண்டு நாளா வாய மூடிட்டு இருந்தேன். ஆனா அந்த க்ளிப்ப ஆளாளுக்கு ஃபார்வர்ட் பண்ணி, கடைசில எனக்கே ‘செம காமெடி’ன்னு வந்து சேந்துருச்சு. இனி எழுதலன்னா எனக்குத் தூக்கம் வராது.

நான் பேசுனதே அஞ்சு நிமிஷம். கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷம் படிச்சுட்டு யூசிக்கு, அதாவது கலிஃபோர்னியா யூனிவர்சிட்டிக்கு, ட்ரான்ஸ்ஃபர் ஆகலாம், நான் அங்க இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவங்களுக்கான இஎஸ்எல் கிளாஸ்ல ஆரம்பிச்சு யூசி டேவிஸ் வரைக்கும் போனவதான்னு சொன்னேன். அங்க இருந்த ஒரு அண்ணன் மைக்க வாங்கி, “தங்கச்சி நல்லா பேசுனாங்க, ஆனா நம்ம பிள்ளைங்களுக்கு அந்த நெலம வராதுங்க”ன்னார். ஹாலே சிரிச்சுது. நானும் சேந்து சிரிச்சேன், அதுதான் இன்னும் எரியுது.

எந்த நெலமண்ணா?

ட்ரான்ஸ்ஃபர்ங்கறது பின்வாசல் இல்ல. 1960லயே கலிஃபோர்னியா உயர்கல்விக்கு மாஸ்டர் பிளான் போட்டப்போ யூசி, கால் ஸ்டேட்னு ரெண்டு யூனிவர்சிட்டி குழுமம், அதுக்குக் கீழ கம்யூனிட்டி காலேஜ்னு மூணடுக்கா வச்சு, கீழ இருந்து மேல போக வழியும் சேத்துத்தான் கட்டுனாங்க. இன்னைக்கு 116 கம்யூனிட்டி காலேஜ் இருக்கு, இங்கயே குடியிருக்கறவங்களுக்கு யூனிட்டுக்கு 46 டாலர். காலேஜோட மொத இங்கிலீஷ் கட்டுரை கோர்ஸான ஒன் ஏ எனக்கு நாலு யூனிட், 184 டாலர்ல முடிஞ்சுது. டேவிஸ், இர்வைன், சாண்டா குரூஸ் மாதிரி ஆறு யூசி கேம்பஸ் ‘இந்தக் கோர்ஸெல்லாம் இந்த ஜிபிஏவோட (மார்க் சராசரி) முடிச்சா சீட் உறுதி’ன்னு எழுத்துலயே தர்றாங்க. பின்வாசலுக்கு யாருண்ணா கேரண்டி லெட்டர் குடுப்பாங்க?

என் கதை தெரியாதவங்களுக்கு: கோவில்பட்டி, தமிழ் மீடியம், பிஎஸ்சி ரெண்டாவது வருஷத்துல கல்யாணம், படிப்பு அதோட நின்னுச்சு. வீட்டுக்காரர் வேலை விசாவோட ஒட்டி வர்ற ஹெச்4 விசால கலிஃபோர்னியா ஃப்ரீமாண்ட் வந்து ரெண்டு வருஷம் சுவத்தப் பாத்து உக்காந்திருந்தேன். 2016ல பிளேஸ்மென்ட் டெஸ்ட் எழுதுனா ஒன் ஏ-வுக்கு ரெண்டு படி கீழ போட்டாங்க. (அடுத்த வருஷமே ஏபி 705னு சட்டம் வந்து, அந்த மாதிரி டெஸ்ட்ட வச்சு ஆளுங்கள கீழ தள்றத நிறுத்த ஆரம்பிச்சாங்க. என் ராசி அப்படி.) சாயங்காலம் ஆறரை மணி கிளாஸ். ஒரு பக்கம் ஆஃப்கன் அக்கா, அவங்க மக டெஸ்க்குக்கு கீழ உக்காந்து கலர் அடிச்சுட்டு இருப்பா. இன்னொரு பக்கம் சிமெண்ட் ஒட்டுன பூட்ஸோட சைட்ல இருந்து நேரா வர்ற மெக்சிகன் பையன்.

ஒன் ஏ-ல மொத கட்டுரை தண்ணிப் பஞ்சம் பத்தி. ‘வாட்டர் இஸ் தி எலிக்ஸர் ஆஃப் லைஃப்’னு ஆரம்பிச்சேன், வேற எப்படி ஆரம்பிக்கத் தெரியும்? பத்தாவதுல மனப்பாடம் பண்ணுனது அதானே. ப்ரொஃபசர் ரெண்டு பாராவ பச்சப் பேனாவால கோடு போட்டு அடிச்சுட்டு, மூணாவது பாரா பக்கத்துல ஒரு அம்புக்குறி போட்டிருந்தாங்க: ‘கட்டுரை இங்கதான் ஆரம்பிக்குது’. அந்த பாராவுல எங்கம்மா ராத்திரி மூணு மணிக்கு லாரித் தண்ணிக்கு ஏழு குடத்த கயித்துல கட்டி வரிசை போட்டு, அது பக்கத்துலயே படுத்துத் தூங்குனது இருந்துச்சு. அதெல்லாம் இங்கிலீஷ்ல எழுதலாம்னே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். காருக்குள்ள உக்காந்து அழுதுட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

‘சேர்றவங்கள்ல பாதிப் பேர் கூட ட்ரான்ஸ்ஃபர் ஆகறதில்லயே’ன்னு கமென்ட்ல வருவீங்க. சரிதான், வேலை, குழந்தை, வாடகை. அடுத்தது.

‘முப்பது வயசுல உக்காந்து ஏ, ஆன், தி படிச்சியா’ன்னு ஒருத்தர் கேட்டாரே, அவருக்கு மட்டும் விரிவா. ஆமா சார், படிச்சேன். தமிழ்ல இல்லாத ஒரு சொல்ல எங்க போடணும், எங்க போடக்கூடாதுன்னு உக்காந்துதான் படிக்கணும். ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’னு தெனம் இருபது மெயில் அனுப்பறவங்களுக்கு இதுல என்ன சிரிப்புன்னு புரியல. ஹாலிவுட் நடிகர் டாம் ஹேங்க்ஸ் நம்ம பக்கத்து ஊர் ஹேவர்ட்ல சாபோ கம்யூனிட்டி காலேஜ்ல படிச்சுட்டு சாக்ரமெண்டோ ஸ்டேட்டுக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆனவர். பாவம், அவருக்கும் அந்த நெலம வந்திருக்கு.

எல்லாரும் அங்கதான் போகணும்னு நான் சொல்லல. யூசி பெர்க்லிக்கு நேரா போற பிள்ளை போகட்டும், நானே கேசரி கிண்டித் தர்றேன். ஆனா அண்ணா, உங்க பையன் போன சம்மர்ல ஹைஸ்கூல்ல இருந்துக்கிட்டே அதே காலேஜ்ல அதே இங்கிலீஷ் ஒன் ஏ எடுத்தானே, ஜிபிஏ ஏறும்னு நீங்களே பார்ட்டில சொன்னீங்களே! அவன் எடுத்தா ஸ்மார்ட், நான் எடுத்தா நெலமயா? ஒரே ரூம்ல கூட இருந்திருக்கலாம்.

இந்தக் கோவம் காலேஜ் பத்தி மட்டும் இல்லன்னு எனக்கே தெரியுது. படிப்ப விட்டுட்டு வந்தவன்னு பதினோரு வருஷமா ஒவ்வொரு கொலுவுலயும் ‘நீங்க என்ன பண்றீங்க’ன்னு கேட்டுட்டு, பதிலுக்கு நிக்காம சுண்டலுக்குத் திரும்பிடுவாங்களே, அந்த முகமெல்லாம் சனிக்கிழமை சேந்து சிரிச்ச மாதிரி இருந்துச்சு. அந்த அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாது. தெரியாம பேசுனார், சரி. மைக்ல எதுக்கு?

‘டேக் இட் ஈஸி சிஸ்டர்’னு யாரும் கமென்ட் போடாதீங்க, டெலீட் பண்ணிருவேன்.

அவர டேக் பண்ணல. நேத்து அவங்க வைஃப் மெசேஜ் பண்ணிருந்தாங்க: பையனோட யூசி அப்ளிகேஷன் கட்டுரை நாலு, ஒவ்வொண்ணும் 350 வார்த்தை, ‘உங்க இங்கிலீஷ் நல்லாருக்கும்ல, கொஞ்சம் பாத்துத் தர முடியுமா’ன்னு. சரின்னு சொல்லிட்டேன். ஃபைல இன்னும் தெறக்கல.