‘பழைய வண்டிக்கு இது போதும் சார்’

பழைய கார் வைத்திருப்பவனைக் கண்டால் இந்த ஊரில் எல்லோருடைய வாயிலும் ஒரே வாக்கியம் வந்து நிற்கிறது. மெக்கானிக் சொல்கிறார், உதிரிபாகக் கடைக்காரர் சொல்கிறார், டயர் கடைக்காரர் சொல்கிறார், சீட் தைப்பவர் சொல்கிறார், எங்கள் குடியிருப்பில் மாடியில் இருப்பவர்கூடச் சொல்கிறார்: “பழைய வண்டிதானே சார், இதுக்கு இது போதும்.” இத்தனை ஆண்டுகள் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தது என் தவறு. இனிப் பொறுப்பதாக இல்லை. அந்த ஒரு வாக்கியம்தான் டிசம்பர் மாதத்தில் ஒரு மாலை, என் மனைவியும் மகளும் உள்ளே இருக்க, எங்கள் காரைச் சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் ஒரு மாநகரப் பேருந்தின் பின்புறத்தில் கொண்டுபோய் மோதப் பார்த்தது.

வண்டி, அப்பா வாங்கிய 1978ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி. பம்பாய் குர்லா ஆலையில் 1964இல் ஃபியட் 1100 டிலைட் என்று வெளிவரத் தொடங்கி, பிறகு பத்மினி என்று பெயர் மாறிய அதே கார். 1089 சிசி இன்ஜின், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்; அதாவது சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உள்ளே ஷூ என்ற வளைந்த பட்டைகள் விரிந்து அழுந்தி வண்டியை நிறுத்தும். இதில் முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். என் வண்டியில் பிரேக்கின் அழுத்தம், மிதியின் விசையைத் திரவத்துக்கு மாற்றும் ஒரே மாஸ்டர் சிலிண்டரில் இருந்து ஒரே வழியாகத்தான் நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. இன்றைய கார்களில் அது இரண்டு தனித்தனிச் சுற்றுகளாகப் பிரிந்திருப்பதால், ஒன்று கசிந்தாலும் மற்றொன்று வண்டியை எப்படியாவது நிறுத்திவிடும். எனக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு கிடையாது. திரவம் கசியாமல் அடைத்திருக்கும் ரப்பர்களில் எங்கேனும் ஒன்று கைவிட்டால் நான்கு சக்கரமும் கைவிடும். அப்படிப்பட்ட வண்டிக்கு மட்டமான ரப்பர் போதுமாம்.

அன்று மயிலாப்பூரில் இருந்து ஆதம்பாக்கத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அண்ணா சாலையில் நகர்ந்து நகர்ந்து வந்ததில் வண்டி ஏதோ இழுத்துப் பிடிப்பது போல இருந்ததை நான் கவனித்தேன்; நெரிசலால் இன்ஜின் சூடாகியிருக்கும் என்று நினைத்தேன். பாலம் ஏறியதும் முன்னால் போன பேருந்து நின்றது. நானும் பிரேக்கை மிதித்தேன். மிதி எதிர்ப்பே இல்லாமல் தரைவரை போய்விட்டது. அடுத்தடுத்து மூன்று முறை வேகமாக மிதித்து, கியரை இரண்டாவதுக்கு இறக்கி, கை பிரேக்கை இழுத்ததில் வண்டி நின்றது. பேருந்தின் பம்பருக்கும் எங்கள் பானட்டுக்கும் இடையே ஒரு முழ இடைவெளிகூட இல்லை. பின் இருக்கையில் இருந்த மகள் “என்னப்பா ஆச்சு?” என்று கேட்டாள். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை வண்டியின் பிரேக்கை நானே பிரித்தேன். மாஸ்டர் சிலிண்டர் டப்பாவில் இருந்து ஒரு கரண்டி திரவத்தை எடுத்துக் கண்ணாடி டம்ளரில் இருந்த தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது உண்மையில் எண்ணெய் அல்ல. டாட் 3, டாட் 4 என்று விற்பவை கிளைக்கால் வகையைச் சேர்ந்தவை, தண்ணீரோடு முழுவதும் கலந்துவிடும். என் டம்ளரிலோ மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தது, ரசத்தின் மேல் தாளித்த எண்ணெய் மிதப்பது போல. சிலிண்டரைத் திறந்து ரப்பர் கப்பை வெளியே எடுத்தபோது அது ஊறிப்போன பஜ்ஜியைப் போல உப்பி, விரலால் அழுத்தினால் அமுங்கியது. நடந்தது என்ன என்பது அப்போதே விளங்கிவிட்டது. கனிம எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர் உப்பும். உப்பிய கப், திரவம் டப்பாவுக்குத் திரும்பிவர வேண்டிய சிறு துளையை மூடிவிடும். திரும்ப வழியில்லாத அழுத்தம் ஷூவை டிரம்மிலிருந்து விலகவிடாது. உரசி உரசி டிரம் கொதிக்கும், அந்தச் சூட்டில் சிலிண்டருக்குள் இருக்கும் திரவமும் கொதித்து ஆவியாகும். திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தினால் சுருங்கிவிடும். மிதி தரைக்குப் போன கதை இதுதான்.

வண்டியைக் கடைசியாகச் சர்வீஸ் செய்த பட்டறைக்குப் போய்க் கேட்டேன். மறைக்கவெல்லாம் இல்லை, தயங்காமலே சொன்னார்கள். “அன்னைக்குக் கையில பிரேக் ஆயில் இல்ல சார். பையன் கொஞ்சூண்டு இன்ஜின் ஆயில்தான் ஊத்தினான். பழைய வண்டிதானே, தாங்கும்.” அங்கே எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. அந்தப் பையன் மீது எனக்கு வருத்தம் குறைவு; ‘ஆயில்’ என்று நாமே பெயர் வைத்துவிட்டு, எந்த ஆயில் என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டியவர், நாற்பது ஆண்டு அனுபவம் என்று பலகை மாட்டியிருப்பவர், என் முகத்தைப் பார்த்துத் ‘தாங்கும்’ என்கிறாரே, அதைத்தான் என்னால் சீரணிக்க முடியவில்லை. எதைத் தாங்கும்? யார் தாங்குவது?

இந்த ‘தாங்கும்’, ‘போதும்’, ‘ஓடும்’ என்ற சொற்களுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது, அது தலைகீழான கணக்கு. புதிய காரில் மோதலின் வேகத்தை வாங்கிக்கொண்டு மடங்கும் முன்பகுதி உண்டு, காற்றுப்பை உண்டு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் உண்டு. என் பத்மினியில் இவை எதுவுமே இல்லை. நெஞ்சுக்கு நேராக ஓர் இரும்புத் தண்டும் அதன் முனையில் ஸ்டீயரிங் வளையமும் மட்டுமே இருக்கின்றன. அப்படியானால் மோதாமல் இருப்பது ஒன்றுதான் இந்த வண்டிக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு, அதற்கு வேண்டியவை பிரேக்கும் டயரும் விளக்கும். புது வண்டிக்காரர் இவற்றில் கொஞ்சம் அசட்டையாக இருந்தாலும் வேறு ஏதாவது அவரைக் காப்பாற்றக்கூடும், நான் அசட்டையாக இருந்தால் என்னைக் காப்பாற்ற எதுவும் இல்லை. பழைய வண்டிக்குத்தான் நல்ல பொருள் வேண்டும் என்ற இந்த எளிய உண்மையை ஒரு கடைக்காரரிடம்கூட என்னால் புரிய வைக்க முடியவில்லை.

உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு முற்பகல் முழுவதும், புது ரப்பர் கப்புகள் அடங்கிய ரப்பர் கிட்டுக்காக ஏறி இறங்கினேன். மூன்றாவது கடையில் எடுத்து வைத்த பொட்டலத்தில் தயாரித்தவர் பெயர் இல்லை, அளவு இல்லை, தேதி இல்லை. நெகிழிப் பையும் அதன் வாயில் ஒரு ஸ்டேப்ளர் முள்ளும்தான். கப்பின் விளிம்பை நகத்தால் நெருடினால் அச்சில் இருந்து எடுத்தபோது வெட்டாமல் விட்ட பிசிறு தட்டுப்பட்டது. அந்த விளிம்புதான் சிலிண்டர் சுவரோடு ஒட்டி அழுத்தத்தைத் தாங்க வேண்டிய இடம் என்று சொன்னேன். “எல்லாரும் இதைத்தான் சார் போடறாங்க” என்றார். எல்லோரும் இதைத்தான் போடுகிறார்கள் என்றால் இந்த ஊரில் இன்னும் எத்தனை பேர் ஏதோ ஒரு பாலத்தின் மேல் என்னைப் போல மிதித்துப் பார்க்கப் போகிறார்களோ என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. புதுப்பேட்டைக்கும் போனேன். கழற்றிய வண்டிகளின் கதவும் கண்ணாடியும் வாங்க அதைவிட நல்ல இடம் இல்லை; ஆனால் அங்கே ஒருவர், சக்கரத்தில் ஷூவை விரிக்கும் வீல் சிலிண்டரில் பழையது ஒன்றை மண்ணெண்ணெயில் கழுவி, கருப்புப் பெயின்ட் அடித்து, ‘புதுசு மாதிரி’ என்று என்னிடம் நீட்டினார். உள்ளே விரலை விட்டுப் பார்த்தால் துருப்பிடித்த குழிகள். மண்ணெண்ணெயும் கனிம எண்ணெய்தான் என்பதை அவரிடம் சொல்லிப் பயனில்லை.

பிரேக்கைப் பிரித்ததும் மற்றவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. பியூஸ் பெட்டியில் 8 ஆம்பியர் பீங்கான் பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில், தீய்ந்த பீங்கானின் மேல் செப்புக் கம்பியை நான்கு சுற்றுச் சுற்றி மாட்டியிருந்தார்கள். பியூஸ் என்பது முதலில் தான் எரிந்து ஒயரைக் காப்பாற்றுவதற்காக இருக்கிறது. அதன் மேல் கம்பியைச் சுற்றினால் டேஷ்போர்டுக்குப் பின்னால், பஞ்சுக்கும் ரெக்சினுக்கும் நடுவே ஓடுகிற நாற்பது ஆண்டுப் பழைய ஒயர்தான் எரிய வேண்டியதாகிறது. இதைச் செய்தவர் வண்டி ஓட்டுபவருக்கு உதவி செய்ததாகவே நினைத்திருப்பார். அவருக்குக் கூலியும் கொடுத்திருக்கிறேன்.

முன்விளக்கு மங்கலாக இருக்கிறது என்று ஓர் எலக்ட்ரீஷியனிடம் சொன்னபோது அவர் 60/55 வாட் பல்பை எடுத்துவிட்டு 100/90 வாட் பல்பை மாட்டிக் கொடுத்தார். சட்டத்துக்குப் புறம்பானது, எதிரே வருகிறவர் கண்ணைக் கூசச் செய்வது என்பது ஒருபக்கம் இருக்கட்டும். குறை பல்பில் இல்லை, பல்புக்குப் போகிற மின்சாரத்தில் இருக்கிறது. பழைய அமைப்பில் விளக்குக்கான முழு மின்னோட்டமும் ஸ்டீயரிங் பக்கத்துச் சிறு சுவிட்ச் வழியாகச் சுற்றி வருவதால் வழியிலேயே வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. மீட்டர் வைத்துப் பார்த்தேன்: பேட்டரியில் 12.5, பல்பின் முனையில் 11.2. பத்தில் ஒரு பங்கு வோல்டேஜ் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். பெரிய பல்பு இன்னும் அதிக மின்சாரத்தை இழுத்து அந்தச் சுவிட்சைக் கருக்கும், அவ்வளவுதான். இரண்டு ரிலே (சுவிட்சில் இருந்து வரும் சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் கருவி), ஒரு பியூஸ், நான்கு மீட்டர் தடித்த ஒயர் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ஒரு பிற்பகலில் நானே செய்து முடித்தேன். சில நூறு ரூபாய்ச் செலவு. இதைத் தெரிந்த தொழிலாளி ஒருவர் ஏன் செய்யவில்லை என்று கேட்டால், திரும்பவும் அதே பதில்தான்.

பெட்ரோல் குழாய் அதைவிட மோசம். 2023இல் தொடங்கி 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாக எல்லா பங்குகளுக்கும் வந்துவிட்டது. பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் இளக்கி வெடிப்பு விழச் செய்யும் என்பது யாருக்கும் தெரியாத இரகசியம் அல்ல. ஆனால் கார்புரேட்டருக்குப் போகும் குழாயை மாற்றச் சொன்னால், இரு சக்கர வண்டிக்குப் போடும் பச்சை நெகிழிக் குழாயைச் செருகி, கட்டுக் கம்பியால் முறுக்கி விடுகிறார்கள். சூட்டில் அது கல்லாய் இறுகி நழுவும். நழுவினால் பெட்ரோல் சொட்டுவது சூடான இன்ஜின் மேல். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்ற தரக் குறியீடு அச்சிட்ட குழாயைத் தேடி வாங்கிச் சரியான கிளிப் போட்டு மாட்டினேன், ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே ஒரு கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பானும் பொருத்தினேன். அதைப் பார்த்துத்தான் மாடிக்காரர் சிரித்தார்.

சீட் பெல்ட்டைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. மூன்று முனை பெல்ட்டை வோல்வோவின் நில்ஸ் போலின் 1959இல் கொண்டுவந்தார். என் கார் அதற்கு 19 ஆண்டுகள் கழித்துப் பிறந்தும் பெல்ட் இல்லாமலே வந்தது. பொருத்தித் தரச் சொல்லி ஒரு சீட் கடையில் விட்டேன். தரைத் தகட்டில் சாதாரணத் திருகாணியை முறுக்கி, மேலே விரிப்பைப் போட்டு மூடியிருந்தார்கள். நான் இரண்டு கைகளால் இழுத்தேன், தகட்டோடு பிய்ந்துகொண்டு வந்தது. மோதலின் போது ஓர் ஆளின் எடையைப்போலப் பல மடங்கு விசையைத் தாங்க வேண்டிய ஆணி அது. தகட்டுக்குப் பின்னால் தடித்த இரும்புப் பட்டை வைத்து, பெல்ட்டுக்கென்றே உள்ள 7/16 அங்குல போல்ட்டை முறுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அதை விரிப்பால் மூடியது அறியாமை இல்லையே! பெல்ட் இல்லை என்று தெரிந்தால் நான் மெதுவாகப் போவேன், பெல்ட் இருக்கிறது என்று நம்பி மகளை முன்னால் உட்கார வைத்தேனே, அந்த நம்பிக்கையை அல்லவா அவர் விற்றார்.

டயர் கடையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: புதியது என்று பளபளக்கத் துடைத்துக் கொடுத்த டயரின் பக்கச் சுவரில் 1116 என்று நான்கு இலக்கம் இருந்தது. அதாவது 2016ஆம் ஆண்டின் 11ஆவது வாரம். அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் நானே வண்டி வேலை செய்வதை நிறுத்தச் சொல்லும் குரல்களும் கேட்கின்றன. நான் அவசரக்காரன் அல்ல. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருநாளும் வண்டிக்கு அடியில் போனதில்லை. ஹாலோ பிளாக்கை முட்டுக்கொடுத்ததில்லை, இரும்பு ஸ்டாண்டுதான். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும் என்பதால் டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைத்துப் பையில் கட்டுகிறேன், பட்டறைகளில் பையன்கள் அதை வாயால் ஊதுவதைப் பார்த்துப் பதறியிருக்கிறேன். பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற ‘ஏர் எடுக்கும்போது’ மகள் உள்ளே உட்கார்ந்து ‘மிதி’ என்றால் மிதிப்பாள், ‘பிடி’ என்றால் பிடிப்பாள். நான் தூரத்துச் சக்கரத்தில் இருந்து தொடங்கி, கண்ணாடிப் புட்டியில் குமிழி வருவது நிற்கும்வரை, காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூடுவேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் புரிகிற ஒழுங்கு இது.

இப்போது வண்டி நான்கு ஸ்டாண்டுகளின் மேல் நிற்கிறது. குழாய்கள் அனைத்தையும் கழுவிக் காயவைத்து, எண்ணெய் பட்ட ரப்பர் ஒவ்வொன்றையும் தூக்கி எறிந்துவிட்டேன். இரண்டு வீல் சிலிண்டர்கள் பித்தளை ஸ்லீவ் (உள்குழாய்) போடுவதற்காகக் கிண்டியில் ஒரு லேத் பட்டறையில் இருக்கின்றன. பெயரும் அளவும் அச்சிட்ட ரப்பர் கிட் வெளியூரில் இருந்து வர இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்கிறார்கள். இதற்கிடையே, அந்த மூன்றாவது கடைக்காரர் இரண்டு முறை தொலைபேசியில் அழைத்துவிட்டார். லோக்கல் கிட் கையில் இருக்கிறதாம், இன்றைக்கே மாட்டி நாளைக்கே ஓட்டலாமாம். வேண்டாம் என்று இரண்டு முறையும் சொன்னேன். மூன்றாவது முறை அழைத்தாலும் அதையேதான் சொல்வேன்.