ரோந்து போகிறவர் கையில் கம்பு எதற்கு?

போன மார்கழியில் எங்கள் நகரில் அடுத்தடுத்து இரண்டு வீடுகளில் பூட்டை உடைத்துத் திருடிவிட்டார்கள். இரண்டு வீட்டிலும் ஆட்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். ஒரு வீட்டு வாசலில் நான்கு நாள் பேப்பர் அப்படியே கிடந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் பால் வாங்கப் போனேன். எடுத்து ஓரமாக வைக்கத் தோன்றவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அப்புறம் நலச் சங்கத்தில் கூடிப் பேசி இரவு ரோந்து ஆரம்பித்தோம். தெருவுக்கு இரண்டு பேர், முறை வைத்து. ஒரு டார்ச், ஒரு விசில், ஸ்டேஷன் நம்பர். வெளியூர் போகிறவர்கள் பக்கத்து வீட்டிலும் ஸ்டேஷனிலும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இதுவரை எல்லாம் சரி.

மூன்றாவது வாரம், நள்ளிரவு தாண்டி ஒரு பையன் நடந்து வந்தான். எங்கள் ஆள் ஒருவர் சட்டையைப் பிடித்துவிட்டார். இன்னொருவர் போட்டோ எடுத்து 'சந்தேக நபர்' என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். பத்து நிமிடத்தில் பதினைந்து பேர் கூடிவிட்டோம், சிலர் கையில் கம்பு. பையனுக்குத் தமிழ் வரவில்லை. சாப்பாட்டுத் தூக்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். பின் தெருவில் கான்கிரீட் போடும் வேலை முடிந்து வந்தவன். மேஸ்திரி ஓடி வந்து சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. 2018 மே மாதம் போளூர் பக்கம் நடந்தது நினைவிருக்கும். குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு போன சென்னை மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று அடித்தே கொன்றுவிட்டார்கள். அதற்கு முன் பல நாட்களாக வாட்ஸ்அப்பில் அந்த வதந்திதான் சுற்றிக்கொண்டிருந்தது.

கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத பெருங்குற்றம் நடந்தால் பொதுமக்களும் ஆளைப் பிடித்துவைக்கலாம், ஆறு மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம். தெருவில் நடந்து போவது குற்றமில்லையே! சந்தேகம் வந்தால் விசில் அடிக்கலாம், 100-க்கோ 112-க்கோ கூப்பிடலாம். யார் மேலும் கை வைக்கவோ போட்டோ எடுத்துப் பரப்பவோ கூடாது.

இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ரோந்து போகிறவர்களுக்குச் சங்கப் பணத்தில் கம்பு வாங்கித் தரும் யோசனை வருகிறது. நான் எதிர்க்கப் போகிறேன். அந்தப் பணத்தில் நாலாவது தெருக் காலி மனையில் மண்டிக் கிடக்கும் கருவேலத்தை வெட்டிவிடலாம். திருடர்கள் இரண்டு முறையும் அந்த வழியாகத்தான் வந்திருக்கிறார்கள்.