பதினைந்தாவது இடம்

அமெரிக்கக் கூடைப்பந்து அணியான மயாமி ஹீட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் அதன் முன்னாள் ஆட்டக்காரர் யுடோனிஸ் ஹாஸ்லெமை இழுத்துவிடுகிறார். ஆடாத ஆளுக்கு வருடக்கணக்கில் சம்பளம் கொடுத்தார்களாம், ஓர் இளைஞனின் இடம் வீணாயிற்றாம்.

கணக்கு அவர்கள் பக்கம்தான் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. கடைசி ஏழு சீசன்களிலும் சேர்த்து ஹாஸ்லெம் ஆடியது 65 ஆட்டங்கள். 2020-21 சீசன் முழுவதற்கும் ஒன்றே ஒன்று: 2 நிமிடம் 40 விநாடி களத்தில் நின்றார், 4 புள்ளி எடுத்தார், எதிரணியின் டுவைட் ஹோவர்டுடன் மல்லுக்கு நின்று வெளியேற்றப்பட்டார். (ஒரு சீசனை இதைவிடச் சிக்கனமாக முடிப்பது கடினம்!) என்பிஏ எனும் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் ஓர் அணிக்கு நிலையான இடங்கள் 15தான். அதில் ஒன்றை நாற்பது வயதுக்காரருக்குக் கொடுத்தால் கேள்வி எழத்தான் செய்யும்.

ஆனால் கேட்பவர்கள் அவரைப் பெஞ்சில் உட்கார்ந்தே வாழ்ந்தவராக நினைத்துக்கொள்கிறார்கள். புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2002இல், எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. பிரான்சில் ஷலோன் என்ற சிறிய ஊரின் அணிக்குப் போய் ஒரு வருடம் ஆடி, உடல் எடையைக் குறைத்துக்கொண்டு, 2003இல் சொந்த ஊரான மயாமிக்கே திரும்பினார். 2006 இறுதித் தொடரில் எதிரணியான டாலஸின் நட்சத்திரம் டர்க் நோவிட்ஸ்கியை மறிக்கும் வேலை பெரும்பாலும் அவருக்குத்தான். கோப்பையைத் தீர்மானித்த ஆறாவது ஆட்டத்தில் 17 புள்ளி, 10 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). மயாமி அணியின் வரலாற்றிலேயே அதிக ரீபவுண்ட் எடுத்தவர் என்ற இடத்தை 2012இல் அலான்சோ மோர்னிங்கிடமிருந்து பறித்ததும் இவர்தான்.

எனக்கு முக்கியமாகப் படுவது 2010. லெப்ரான் ஜேம்ஸ், கிரிஸ் போஷ், டுவைன் வேட் என்ற மூன்று நட்சத்திரங்களையும் ஓரணியில் சேர்க்க மயாமி பணத்தை எண்ணிக்கொண்டிருந்த கோடை. டாலஸும் டென்வரும் ஹாஸ்லெமுக்கு ஏறக்குறைய 3.4 கோடி டாலர் தர முன்வந்ததாக அப்போது செய்தி வந்தது. அவர் மயாமியில் 2 கோடிக்குக் கையெழுத்திட்டார். அதே இடத்தில் ஆடும் போஷ் வந்துவிட்டதால், தொடக்க ஐவரில் தனக்கு இடமிருக்காது என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

இதைத் தெரிந்துகொண்டு 2022 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். தன் நட்சத்திரம் ஸ்டெஃப் கரி இல்லாமல் வந்த வாரியர்ஸ் அணியிடம் சொந்த மைதானத்திலேயே மயாமி அடி வாங்கிக்கொண்டிருக்கிறது. டைம்-அவுட்டில் ஜிம்மி பட்லருக்கும் பயிற்சியாளர் எரிக் ஸ்போல்ஸ்ட்ராவுக்கும் வாக்குவாதம் முற்றுகிறது. பட்லரை நோக்கிப் பாய்ந்து கத்துகிறவர் ஹாஸ்லெம். அணியின் நட்சத்திரத்திடம், அத்தனை கேமராக்களுக்கு முன்னால். வேறு எந்தக் கடைசி வரிசை ஆட்டக்காரர் இப்படிச் செய்திருந்தாலும் மறுநாளே மூட்டை கட்டியிருப்பார்.

'அப்படியானால் உதவிப் பயிற்சியாளராக்கியிருக்கலாமே' என்பார்கள். அங்கேதான் நான் ஒத்துப்போகவில்லை. யார் எத்தனை நிமிடம் ஆடுவது என்று முடிவு செய்வது பயிற்சியாளர் குழு. அதனால் அங்கிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் ஆட்டக்காரன் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்பான். ஹாஸ்லெமால் யாருடைய நிமிடத்தையும் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அதே சீருடை, அதே பயிற்சி, ஆனால் சம்பளமோ அனுபவசாலிக்கான குறைந்தபட்சம். 2023 இறுதித் தொடர் வரை போன அணியில் டங்கன் ராபின்சன், கேப் வின்சென்ட், மேக்ஸ் ஸ்ட்ரஸ், கேலப் மார்ட்டின் நால்வருமே டிராஃப்டில் யாரும் எடுக்காதவர்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார இவரைவிடப் பொருத்தமான ஆள் யார்?

அந்த வருடக் கடைசி லீக் ஆட்டத்தில், 42 வயதில், ஆர்லாண்டோவுக்கு எதிராக 24 புள்ளி எடுத்தார். ரசிகர்கள் அதைத்தான் பெரிதாகக் கொண்டாடுகிறார்கள். நான் அதை வாதத்துக்கு எடுத்துக்கொள்ளமாட்டேன். முடிவு யாருக்கும் பொருட்டில்லாத ஆட்டம் அது.

இதை ஒரு விதியாக்கிவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வை ஒத்திப்போடும் மூத்தவர்கள் எல்லா அணியிலும் உண்டு. 'இளைஞர்களுக்கு வழிகாட்டி' என்று சொல்லி வேறோர் அணி அப்படி ஒருவருக்கு இடம் கொடுத்தால், நானும் எதிர்ப்பவர்களோடு சேர்ந்துகொண்டு முதலில் கேட்பது, அவர் அந்த அணிக்காக எதை விட்டுக்கொடுத்தார் என்பதைத்தான்.