சிக்னல் இல்லாத மலையில் செயலி வழி வருகைப்பதிவு

ஏற்காட்டைத் தாண்டி, சேர்வராயன் மலையின் வடக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் தொடக்கப்பள்ளியில் இந்தக் கல்வியாண்டில்தான் பணியில் சேர்ந்தேன். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருவதோ, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே மண்பாதையில் நடப்பதோ, மழைக்காலத்து அட்டைகளோ என்னைச் சலிப்படையச் செய்யவில்லை. காலைதோறும் என் பொறுமையைச் சோதிப்பது, கைப்பேசியில் மாணவர் வருகையைப் பதிவேற்றும் வேலைதான்.

பிள்ளைகள் முதல் பாடத்துக்குச் சிலேட்டை எடுத்து வைத்துக் காத்திருக்கும் நேரத்தில், நான் பள்ளிக்குப் பின்னாலுள்ள பாறை மேட்டில், சில்வர் ஓக் மரத்தடியில், கைப்பேசியை உயர்த்திப் பிடித்து, திரையில் சுற்றிக்கொண்டேயிருக்கும் வட்டத்தைப் பார்த்தபடி நிற்கிறேன். ஒரு கோடு சிக்னல் வரும், பதிவேறுவதற்குள் போய்விடும். மாலையில் ஏற்காட்டுக்கு வந்ததும், ஏன் பதிவிடவில்லை என்று கேட்கும் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு 2 ஆசிரியர்கள் என்கிறது. இங்கும் தலைமையாசிரியரும் நானும்தான். நான் பாறைமேல் நின்றால், ஐந்து வகுப்புகளையும் அவர் ஒருவரே பார்க்க வேண்டும். மலையாளி எனப்படும் இம்மலைப் பழங்குடிக் குடும்பங்களிலிருந்து வரும் இப்பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் எழுத்துக்கூட்டிச் சொல்லித்தர ஆளில்லை. அவர்களுடைய காலை நேரத்தை இப்படிப் பறிப்பது அநியாயம்.

கையால் எழுதிய வருகைப் பதிவேடு மேசைமேல்தான் இருக்கிறது. மலைப் பள்ளிகளாவது மாலையில் பதிவேற்றிக்கொள்ளட்டுமே என்று கேட்டால், எல்லாப் பள்ளிக்கும் ஒரே நேரம்தான் என்கிறார்கள் கல்வித்துறை அதிகாரிகள்.